சுழலும் வட்டம்

வெள்ளாற்றங்கரைப் புவனகிரியின் கடைத்தெருவில், இணையச் சேவை மையம் ஒன்றில், சென்ற கோடை விடுமுறையில் நான் கண்ட காட்சி இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்த ஒரு தாய் வந்திருந்தார். மையத்து இளைஞர் பொத்தானை அழுத்தியதும் திரையின் நடுவே சிறு வட்டமொன்று சுழலத் தொடங்கிற்று. நிமிடங்கள் இரண்டு கடந்தன.

"இன்னும் சுத்துதே தம்பி?" என்றார் அத்தாய்.

"வேலை நடக்குதும்மா" என்ற இளைஞர், சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் அழுத்தினார். கைப்பேசிக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. கட்டணம் இருமுறை கழிந்திருந்தது. வாடகைக்கென வைத்திருந்த பணமும் அதில் அடக்கம்.

இளைஞரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 'லோடிங் ஸ்பின்னர்' எனக் கணினித் துறையினர் வழங்கும் அவ்வட்டம் சுழலக் கண்டால், தொலைவிலுள்ள சர்வர் உழைக்கிறது என்றே எவரும் கருதுவர். உண்மையில் அதனைச் சுழற்றுவது நம் எதிரேயுள்ள உலாவிதான். கோரிக்கை சென்றதும் வட்டம் தோன்றவேண்டும், விடை வந்ததும் மறையவேண்டும் என நிரலர் எழுதிவைக்கிறார். விடையே வராவிடில் என் செய்வது என்பதை அவர் எழுத மறந்தால், இணைப்பு அறுந்த பின்னரும் அது ஓயாது சுழலும். செக்குமாடு சுற்றினாலும் எண்ணெயாவது கிடைக்கும்!

1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினி, காத்திருக்குமாறு உணர்த்தக் கைக்கடிகாரப் படத்தைக் காட்டிற்று. விண்டோசில் நெடுங்காலம் மணற்கடிகாரம் இருந்தது. 2007-இல் வெளியான விஸ்டாவில் நீல வளையம் அதன் இடத்தைப் பெற்றது. வேலை எவ்வளவு முடிந்தது எனக் காட்டும் பட்டையையே பயனர் விரும்புகின்றனர் என 1985-இலேயே பிராட் மையர்ஸ் ஆய்ந்து கூறினார். பத்து நொடிக்கு மேற்பட்ட காத்திருப்புக்கு அத்தகைய குறிப்பு வேண்டும் என்பார் யாக்கோப் நீல்சன்.

பணம் செலுத்தும் பக்கத்திலோ இதுவும் போதாது. வட்டம் சுழலும்வரை பொத்தான் செயலற்றிருத்தல் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் இட்டு, அதே எண் மீண்டும் வரின் சர்வர் இரண்டாம் முறை பணம் பிடியாதிருத்தல் வேண்டும்.

அத்தாயின் பணம் ஒன்பதாம் நாள் திரும்பி வந்ததாக அறிந்தேன். வாடகைக்கு அதற்குள் கடன் வாங்கியிருந்தாராம்.

நானும் நிரல் எழுதிப் பிழைப்பவனே. அன்றிரவு, என் கைப்பட எழுதிய பழைய கட்டணப் பக்கமொன்றைத் திறந்து பார்த்தேன். வட்டத்தைச் சுழற்றும் வரி இருந்தது. பிழை நேரின் நிறுத்தும் வரி இல்லை.