தூக்கி அடிடா!

எங்கூருப் பக்கம் ஃபுட்பால் மேட்ச் நடந்தா, கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்க கொடுக்கிற ஒரே கோச்சிங் இதுதான். பந்து நம்ம கோல் பக்கம் வந்துருச்சா, "தூக்கி அடிடா!" பந்தை வச்சிருக்கிறவன் பக்கத்துல ஒரு ஈ காக்கா கூட இல்ல, ஒரு டீயக் குடிச்சிட்டு நிதானமா பாஸ் போடலாம். அப்பவும் "தூக்கி அடிடா!"தான்.

நான் பொட்டி தட்டுறது கோயம்புத்தூர்ல. சனி ஞாயிறு ஆனா சொந்த ஊர் மடத்துக்குளம். காலேஜ் டீம்ல ஸ்டாப்பர் பேக்கா ஆடின பாவத்துக்கு, ரெண்டு வருஷமா ஊர்ப் பசங்க பதினாறு பேருக்கு கோச். எல்லாம் எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற வாண்டுங்க. இவனுங்களுக்குத் தூக்கி அடிக்காம ஆடச் சொல்லிக் கொடுக்கிற கதைதான் இந்தப் பதிவு. ஃபுட்பால்னா அலர்ஜின்னு சொல்றவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

மேட்டர் என்னன்னா, கீப்பர் கைக்குப் பந்து வந்ததும் கண்ணை மூடிட்டு முன்னாடி உதைக்காம பக்கத்துல இருக்கிற ஸ்டாப்பருக்குக் கொடுக்கணும். அங்கிருந்து மிட்ஃபீல்டு, அங்கிருந்து முன்னாடி. பின்னாடி இருந்தே ஆட்டத்தைக் கட்டிட்டுப் போறது. இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு ஒண்ணாங்கிளாஸ் கணக்கு. எதிர் டீம் கீப்பர் அவன் கோலை விட்டு வர மாட்டான். நாங்க ஆடுறது பெரும்பாலும் செவன்ஸ். அவங்க மொத்தப் பேரும் ஏறி வந்து அமுக்கினாலும் ஆறு பேர்தான், நம்ம கீப்பரையும் சேர்த்தா நாம ஏழு. எங்கேயோ ஒருத்தன் சும்மா நிக்கிறான். அவனைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

1992-ல பேக் பாஸ் சட்டம் வந்தது. தன் டீம் ஆள் காலால கொடுக்கிற பந்தைக் கீப்பர் கையில எடுக்கக் கூடாதுன்னு ஆனதும், கீப்பரும் காலால ஆடக் கத்துக்க வேண்டியதாப் போச்சு. 2006 உலகக் கோப்பையில ரிக்கார்டோ லா வோல்பேயோட மெக்சிகோ டீம் பின்னாடி இருந்து கட்டின விதத்தைப் பார்த்துட்டு கார்டியோலா பத்திரிகையில பாராட்டி எழுதினார். அதே கார்டியோலா 2016-ல மான்செஸ்டர் சிட்டிக்கு வந்ததும், அங்க ரொம்ப வருஷமா இருந்த ஜோ ஹார்ட்டை உக்கார வச்சுட்டு கிளாடியோ பிராவோவைக் கூட்டிட்டு வந்தார். பிராவோ அங்க ஜொலிக்கல, அடுத்த வருஷமே எடர்சன் வந்தார். ஆனா கீப்பருக்குக் கால் முக்கியம்ங்கிறதுல இருந்து மட்டும் மனுஷன் அப்ப நகரல. 2019-ல இன்னொரு மாற்றம். கோல் கிக்கை பெனால்டி பாக்ஸுக்குள்ளயே நம்ம ஆள் வாங்கிக்கலாம், எதிர் டீம் பந்து உதைக்கப்படுற வரைக்கும் வெளியதான் நிக்கணும். எங்க மாதிரி டீமுக்கு லட்டு மாதிரி சட்டம். உள்ளூர் டோர்னமெண்ட் ஒண்ணுல நடுவருக்கே இது தெரியாம, திருப்பி எடு திருப்பி எடுன்னு மூணு தடவை விசில் ஊதினது தனிக்கதை.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்ச இடம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். 2018-19 ஐ-லீக் சீசன்ல சென்னை சிட்டி டீமுக்கு அதுதான் ஹோம் கிரவுண்டு. பேருலதான் சென்னை, ஆடினதெல்லாம் கோவையில. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயின்காரங்க நாலஞ்சு பேர், கூடவே எட்வின் வான்ஸ்பால் மாதிரி நம்மாளுங்க. பந்தை வச்சு, கீழயே ஓட்டி ஆடுற டீம். 20 மேட்ச்ல 48 கோல். 2019 மார்ச் 9 கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாபோட. ஜெயிச்சே ஆகணும். ஆரம்பத்துலயே கோல் வாங்கியாச்சு. அதே நேரத்துல ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டுல ஆடிட்டிருக்காங்க, அவங்க ஜெயிச்சு இவங்க தோத்தா கோப்பை கொல்கத்தாவுக்கு. கேலரியில அத்தனை பேரும் கத்துறாங்க, வேற என்ன, தூக்கி அடிடா! பெட்ரோ மன்சி பெனால்டியில சமன் பண்ண, அப்புறம் ரெண்டு கோல் போட்டது யாரு தெரியுமா? கௌரவ் போரா. டிஃபென்டர்ங்க! 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்க ஜெயிச்சிருந்தாங்க. 43 பாயிண்டுக்கு 42, ஒத்தப் பாயிண்டுல கோப்பை. அந்த டீம் இப்ப ஐ-லீக்ல இல்லங்கிறத நினைச்சா வயிறு எரியுது.

இதையெல்லாம் பசங்ககிட்ட விடிய விடியச் சொன்னேன். வீடியோ போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினானுங்க, கிரவுண்டுல இறங்கினதும் தூக்கி அடிச்சானுங்க.

அவனுங்களை மாத்தினது கார்டியோலாவும் இல்ல, நானும் இல்ல. காத்து. உடுமலையைச் சுத்தி அத்தனை காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கிறாங்கன்னா சும்மாவா? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற தென்மேற்குக் காத்து. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்ங்கிறப்ப பந்து எம்மாத்திரம். எங்க கிரவுண்டுல மேற்கே பார்த்து தூக்கி அடிச்சா, பந்து மேல போய் ஒரு யோசனை பண்ணிட்டு அடிச்சவன் கிட்டயே திரும்பி வரும். ஒரு தடவை கீப்பர் உதைச்சது எங்க கோலுக்குப் பின்னாடி போய் கார்னர் ஆச்சு. "ண்ணா, கீழயே ஆடலாங்ணா"ன்னு அன்னைக்கு அவனுங்களே வந்து கேட்டானுங்க.

அப்புறம்தான் நிஜமான பயிற்சி. கீப்பரோட சேர்த்து நம்மாளுங்க நாலு பேர், புடுங்க வர்றவங்க மூணு பேர். எதிர்ல செருப்பை வச்சு ரெண்டு வாசல். வாசல் வழியா பந்து வெளிய போனா நமக்கு ஒரு பாயிண்ட், புடுங்கி கோல் அடிச்சா அவங்களுக்கு ஒண்ணு. இதுல ரெண்டே விஷயம்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவேன். பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளுக்கு மேல திரும்பிப் பாரு, உடம்பைப் பாதி திருப்பி வச்சுத் தள்ளியிருக்கிற கால்ல வாங்கு. ரெண்டாவது, அவசரப்படாத. பந்தை உள்ளங்கால்ல அமுக்கி நில்லு, எதிராளி உன்கிட்ட வரட்டும். அவன் உன்னைத் தேடி வந்தான்னா வேற யாரையோ விட்டுட்டு வர்றான்னு அர்த்தம். பசங்களுக்கு இந்த நிக்கிறதுதான் கஷ்டம். ஓடச் சொன்னா பழனி வரைக்கும் ஓடுவானுங்க.

போன தைப்பொங்கல் சமயத்துல பக்கத்து ஊர் டோர்னமெண்ட் செமிஃபைனல்ல அடி விழுந்துச்சு. எங்க கீப்பர் ஒன்பதாவது படிக்கிற பையன். இடது ஸ்டாப்பர் நெருக்கடியில பந்தை அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்தான். இவன் நடுவுல பாஸ் போட, புடுங்கி கோல் அடிச்சுட்டாங்க. 1-0, ஆட்டம் முடிஞ்சது. கோட்டுக்கு வெளிய இருந்து பெரியவங்க சிலர் பையனைப் பேசினது எழுதுற மாதிரி இல்ல. அடுத்த ரெண்டு வாரம் பையன் கிரவுண்டு பக்கமே வரல.

வீட்டுக்குப் போனேன். அவங்கப்பா மில்லுல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்பதான் வந்திருந்தார். "ஏனுந் தம்பி, இவனால தானுங்களே தோத்துச்சு. இனி கோல்ல நிறுத்தாதீங்க"ன்னார். ஒரு பேப்பர் வாங்கி அந்த நிமிஷத்தை வரைஞ்சு காட்டினேன். பந்து இவன் கால்ல. வலது ஸ்டாப்பர் எதிராளி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறான், ரெண்டடி பக்கவாட்டுல நகர்ந்திருந்தா பாஸ் கிடைச்சிருக்கும். நடுவுல இருக்கிறவன் இடுப்புல கை வச்சு வேடிக்கை பாக்குறான். இடது ஸ்டாப்பர் கொடுத்துட்டு அங்கயே நிக்கிறான். இவனுக்குக் கொடுக்க ஆளே இல்லீங்ணா.

அவர் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். "எங்க மில்லுல ரிங் ஃபிரேம்ல நூல் அறுந்துட்டே இருந்தா மொதல்ல சைடரைத்தான் புடிச்சுத் திட்டுவாங்க தம்பி. சிம்ப்ளெக்ஸ்ல இருந்து வர்றதே சரியில்லீன்னா, அந்தப் புள்ள எத்தனை தடவைதான் ஒட்டும்?" சொல்லிட்டு உள்ள திரும்பி, "டேய், ஷூவை எடுத்துட்டுக் கெளம்பு"ன்னார். பத்து வருஷம் கோச்சிங் பண்ணினாலும் எனக்கு இவ்வளவு சுருக்கமா சொல்ல வந்திருக்காது.

பேப்பரையும் கையோட எடுத்துட்டு வந்து மத்த பசங்க முன்னாடி விரிச்சேன். ஒருத்தனும் பேசல. வலது ஸ்டாப்பர் மட்டும், "ண்ணா, நான் நிக்கிற இடத்துல இருந்து அவன் எனக்குத் தெரிஞ்சானே"ன்னான். நீ அவனுக்குத் தெரிஞ்சியான்னு கீப்பர் கேட்டான் பாருங்க!

அன்னையில இருந்து இவனுங்க நகர்றானுங்க. கீப்பர் கால்ல பந்து இருந்தா மூணு பேர் மூணு பக்கம் பிரிஞ்சு கை காட்டுறானுங்க. தோக்கிறோம், ஜெயிக்கிறோம், அது பாட்டுக்கு நடக்குது.

இப்ப புதுப் பிரச்சனை. எதிர் டீம் ஆறு பேரும் ஏறி வந்துட்டாங்க, அவங்க பின்னாடி மொத்தக் கிரவுண்டும் காலி, காத்தும் நம்ம பக்கம். அந்த நேரத்துல ஒரே உதை விட்டா முன்னாடி நிக்கிறவனுக்கும் கீப்பருக்கும் நடுவுல யாருமில்ல. அதுவும் இதே கணக்குதான். ஆனா ஒருத்தனும் உதைக்க மாட்டேங்கிறான், குட்டி குட்டியா பாஸ் போட்டுட்டே நிக்கிறானுங்க. போன ஞாயித்துக்கிழமை கோட்டுக்கு வெளிய நின்னு தொண்டை கிழிய ஒருத்தன் கத்திட்டிருந்தான், தூக்கி அடிடான்னு. ஹி ஹி, நாந்தான்.