வலையை விழுங்கும் வளை

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தின் ஏலத்தோட்டங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இரு மொழிகளிலும் லகரமும் ளகரமும் பொருளை மாற்றும் தனித்தனி ஒலிகள். இத்தகைய ஊரில் களப்பணி செய்யும் மொழியியலாளர், பதிந்த ஒவ்வொரு சொல்லையும் தனிக்கோப்பாக்கி உரோமன் எழுத்தில் பெயரிடுவதுண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ளகரத்தைக் கீழ்ப்புள்ளியிட்ட எழுத்தால் குறித்தது. சாதாரண விசைப்பலகையில் அப்புள்ளிக்கு இடமில்லை. ஆகவே ஐட்ரான்ஸ் போன்ற முறைகள் பெரிய எழுத்தைப் பயன்படுத்தின. சிறிய ‘எல்’ இட்டால் வலை. பெரிய ‘எல்’ இட்டால் வளை. மனமும் மணமும் அவ்வாறே.

லினக்ஸ் பொதுவாகக் கோப்புப்பெயரை பைட்டுகளின் வரிசையாகவே காண்கிறது. அங்கே வலையும் வளையும் இரண்டு கோப்புகள். விண்டோஸும் மேக்கும் இயல்பு நிலையில் எழுத்தின் வடிவத்தைக் காத்துவைக்கும்; ஒப்பிடும்போது அதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கு நகலெடுக்கையில் ‘அனைத்தையும் மாற்றுக’ என்று ஒப்புக்கொண்டால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் தீங்கற்ற இந்த ஏற்பாடு, இங்கே ஓரொலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளையே தேடிப் பலிவாங்குகிறது. ஒலியியல் ஆய்வுக்கு ஆதாரமே அவ்விணைகள்தாம்.

நிரலைப் பெயர்த்தெழுதுவோர் ‘இது எந்த இயங்குதளம்?’ என்று மட்டும் கேட்பது போதாது. 2018 முதல் விண்டோஸ் 10இலும், 2019இல் வந்த லினக்ஸ் 5.2இன் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலும் இவ்விதியைக் கோப்புறைதோறும் மாற்றலாம். எக்ஸ்ட்4இல் வெற்றுக் கோப்புறைக்கு மட்டுமே அவ்வசதியை இயக்க முடியும். பெயர்கள் குவிந்த பின்னர் விதியை மாற்றினால் அவை மோதிக்கொள்ளும் அல்லவா?

தமிழ் எழுத்திலேயே பெயரிட்டால் பெரியது சிறியது என்ற சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. ஒகர உயிர்மெய்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை லினக்ஸுக்கு வழக்கமாக வெவ்வேறு பெயர்கள்.

ஆகவே கோப்புகளுக்கு எண்களால் பெயரிட்டு, சொல்லைத் தனி அட்டவணையில் எழுதிவைப்பதே பாதுகாப்பு. பழைய தொகுப்பை மாற்றுமுன், பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கி, யூனிகோடு வடிவத்தையும் ஒருமுகப்படுத்தி, ஒரே கோப்புறையில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்க்கவேண்டும். மாற்றிய பின் கோப்புகளை எண்ணவேண்டும். சொன்னவரின் குரலை மீண்டும் பதிய வாய்க்காமலே போகலாம்.