தேத்தண்ணி

டிசம்பர் 24, 2024

ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றி மூன்று மாதமாகிறது. ஆட்டோக்காரர் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறார்.

மாலையில் ஜங்லிகாட் மீன் இறங்குதுறைக்குப் போனேன். பத்து வயதுப் பையன் ஒருவன் ஈரத்தரையில் சிதறிய பொடிமீனைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். வியாபாரிகளிடம் இந்தி, என்னிடம் தமிழ். "எந்த ஊருப்பா?" "கச்சால்." அங்கேயா பிறந்தாய் என்றால், "இல்ல, இங்கதான். ஆத்தாதான் அங்க இருந்துச்சு."

டிசம்பர் 25

அவன் ஆத்தாவை, அதாவது பாட்டியைப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட வாடகை அறை. "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" அந்த ஒரு சொல்லிலேயே இலங்கையின் மலையகம் தெரிந்துவிட்டது.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். பூட்டனார் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போனவராம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எழுதப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. உறவுகள் கதறியழ மலையிலிருந்து இறங்கிய ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம். பிறகு சென்னையிலிருந்து இன்னொரு கப்பல், நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு.

"கொழுந்து கிள்ளுன கையில பால்வெட்டுக் கத்தியக் குடுத்தாங்க. ரெண்டே மாசத்துல பழகிட்டேன்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். கண்டியில் கொடுத்தது. அதிலுள்ள படத்தில் அப்பா அம்மாவுக்கு நடுவே பின்னலை முன்னே போட்ட இளம்பெண். என் கையில் அதிக நேரம் இருக்க விடவில்லை, வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 26

சுனாமிக்கு இன்று இருபது வருடம். மெரினா பார்க் நினைவிடத்துக்குப் போவோமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். வரவில்லை. சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மூத்த மகன் விடியற்காலையில் கரைக்கு இறங்கியிருந்தான். இவர் மேட்டுக் குவார்ட்டர்ஸில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் சொன்னார், நானும் கேட்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் கச்சாலில் 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2011-ல் 3,000 பேர்கூட இல்லை.

நிவாரணக் கொட்டகையில் சில வருடம் இருந்துவிட்டு, மகளோடு இங்கே வந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தை நடத்திய அரசுக் கழகத்தை மூட மத்திய அமைச்சரவை 2017-ல் ஒப்புதல் தந்தது. திரும்பிப் போக வேலையும் இல்லை.

டிசம்பர் 27

கிளம்பும்போது பையன் ஹாடோ துறைமுகம் வரை வந்தான். கச்சாலுக்குப் போகும் கப்பல் எது என்று விரல் நீட்டிக் காட்டினான். அவன் அதில் ஏறியதே இல்லை.

கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கு இதே தீவுகளில் அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. நல்ல காரியம். கச்சாலிலிருந்து வந்த இவர்களுக்கும் நிலம் வேண்டும். கச்சால் நிலம் நிக்கோபாரிகளுடையது, அதில் பங்கு கேட்பது அநியாயம். ஆனால் ரப்பருக்கு ஆள் வேண்டும் என்று கப்பலேற்றிக் கூட்டிவந்தது அரசு. தெற்கு அந்தமானில் இந்தக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று சென்ட் மனையாவது, அந்த அம்மாள் கண்ணால் பார்க்கும்படி, பட்டாவோடு கொடுங்கள்.