எங்கள் சுரங்கம்

“எங்கள் சுரங்கம்” என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் பரம்பரை வழக்கம். உண்மையில் எங்கள் முப்பாட்டனார் அதில் பாறை உடைத்த கூலியாள், அவ்வளவுதான் பாத்தியதை!

நீலகிரி ஜில்லாவில், கூடலூருக்கு அப்பாலுள்ள தேவாலா மலைச்சரிவில் இருக்கிறது அது. 1879-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரௌ ஸ்மித் என்ற நிபுணர் இப்பிரதேசத்தைச் சோதித்து, மறு வருஷம் ஆசை மூட்டும் அறிக்கை ஒன்று விடுத்தார். உடனே லண்டனில் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. காட்டுக்குள் பங்களாக்களும் இயந்திரங்களும் வந்து இறங்கின. பாறையை இடித்துக் கழுவிப் பார்த்தால், கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை. சில வருஷங்களில் துரைமார் கடையைக் கட்டினார்கள்.

அவ்வூரில் வசிக்கும் சித்தப்பா மகனுடன் சென்ற மாதம் அதனுள் நுழைந்தேன். வாயைப் புதர் மூடியிருந்தது. கணுக்காலளவு நீர், சுவரெங்கும் உளியின் தழும்புகள். வெண்கல் ரேகை ஒன்றைத் துரத்திக்கொண்டு குகை வளைந்து வளைந்து சென்றது. ஒரு திருப்பத்தில் புதிதாய் வெட்டிய கல்லும், பாதி நிரம்பிய சாக்கும் கிடந்தன. கூலி போதாத ஏழைகள் இரவில் ஒளிந்து வந்து கல்லெடுப்பதும், அதை இடித்துப் பாதரசத்தால் பொன் பிரிப்பதும், மண் சரிந்து மாள்வதும் இங்கே கேள்விப்படாத சங்கதிகள் அல்ல.

“இது யாருடையது, தம்பி?” என்றேன்.

“என்னுடையதுதான், அண்ணா. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம்.”

“நகைச் செலவு என் பொறுப்பு. இனி இங்கே கால் வைக்காதே.”

அவன் பதில் சொல்லவில்லை. விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டான்.