ஜப்பான் தாத்தாவுக்கு யார் பணம் கட்டுவது?

அரசாங்கக் கடன் பற்றி செமினாருக்குப் படிக்கப் போய், ஒரு வாரமாக ஜப்பானிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கடன் வைத்திருக்கும் அரசாங்கம். ஊதாரித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1973-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்றார்கள். அப்போது 65 வயதைக் கடந்த ஒருவருக்கு, உழைக்கும் வயதில் ஒன்பது பேர் இருந்தார்கள். கட்டுப்படியாகும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. (அந்தக் காலத்து ஜோக் ஒன்று: ஆஸ்பத்திரியில் தினமும் கூடி அரட்டை அடிக்கும் பாட்டிகள், ஒருத்தி வராவிட்டால் "பாவம், உடம்பு சரியில்லை போல" என்பார்களாம்!) பத்தே வருடத்தில், 1983-இல், இலவசம் போய்க் கட்டணம் வந்துவிட்டது.

இப்போது அந்த ஒன்பது பேர், இரண்டு பேராகிவிட்டார்கள். அரசாங்கத்தின் பொது பட்ஜெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்கே போகிறது. வரியைக் கூட்டலாமே என்பீர்கள். 1989-இல் 3 சதவீதமாக வந்த நுகர்வு வரி, 10 சதவீதத்தைத் தொட 30 வருடம் ஆனது. 1997-இல் அதை 5 ஆக்கிய பிரதமர் ஹஷிமோட்டோ, பொருளாதாரமும் படுத்துவிட, அடுத்த வருடத் தேர்தல் தோல்வியோடு பதவி விலகினார். அப்புறம் யாருக்குத் துணிச்சல் வரும்? மிச்சத்துக்குக் கடன்தான். நல்லவேளை, வட்டி பூஜ்யத்தை ஒட்டியே கிடந்ததால் வலி தெரியவில்லை. 2024 மார்ச்சில் மத்திய வங்கி எதிர்மறை வட்டியைக் கைவிட்டது. இனிமேல் தெரியும்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அதே 1973-இல் ஜப்பானில் சுமார் 21 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024-இல் 7 லட்சம் கூட இல்லை. நடுவில் என்ன ஆனது? அந்த 21 லட்சம் பேர் படித்து முடித்து வேலை தேடிய 90-களில், நிலம், பங்கு விலையெல்லாம் சரிந்து கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டன. பலருக்குக் கிடைத்தது தற்காலிக வேலை, அரைச் சம்பளம். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், பலர் செய்துகொள்ளவே இல்லை. அவர்கள் வயதுக்கு வந்திருக்க வேண்டிய அடுத்த குழந்தைப் பெருக்கம் வரவே இல்லை. பழைய ஆட்களின் வேலையைக் காப்பாற்ற, புதியவர்களுக்குக் கதவைச் சாத்திய கம்பெனிகளின் கணக்கு அன்றைக்கு லாபமாகத்தான் இருந்திருக்கும். பிறக்காத குழந்தையை எந்த பட்ஜெட்டில் எழுதுவது?

2004 சீர்திருத்தப்படி, சம்பளத்தில் ஓய்வூதியச் சந்தா 18.3 சதவீதத்துக்கு மேல் ஏறாது (பாதி முதலாளி கட்டுவது). வரவுக்கு உச்சவரம்பு போட்டாயிற்று, ஆகவே ஆள் குறையக் குறைய ஓய்வூதியத்தின் மதிப்புதான் இறங்க வேண்டும். குறைந்த சம்பளத்தில் குறைந்த சந்தா கட்டிய 1973-இன் குழந்தைகள், 2038-இல் 65 வயதோடு அந்த வரிசையில் வந்து நிற்பார்கள்.