அப்பா கம்பி நீட்டினார்

சிங்கப்பூர் போனால் முஸ்தபாவில் தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் நம்மவர்கள் மரபு. நாங்கள் செந்தோசாத் தீவையும் சேர்த்துக்கொண்டோம். அதன் பழைய பெயரில் 'மாத்தி' என்று ஒரு வார்த்தை உண்டு. மலாய் மொழியில் சாவு! அப்படிப் பெயர் வைத்தால் டூரிஸ்ட் எவன் வருவான்? 1970 வாக்கில் 'செந்தோசா' என்று மாற்றிவிட்டார்கள். அமைதி என்று அர்த்தமாம். அந்த அமைதியான தீவில்தான் குன்றின் உச்சியிலிருந்து கடற்கரைக்கு 450 மீட்டர் கம்பி கட்டி, ஜனங்களைத் தொங்கவிட்டு, மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜிப் லைன்!

அப்பா மின்வாரியத்தில் 34 வருஷம் லைன்மேன். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் அவர் பேசுவதெல்லாம் மூன்றே வாக்கியங்கள்: ''பேப்பர் வந்துச்சா?'', ''காபி போதும்'', ''நான் படுக்கறேன்''. அவரைக் கலகலப்பாக்க என் தர்மபத்தினி போட்ட திட்டம்தான் இந்த டூரே. மூன்று நாளாக எதைக் காட்டினாலும் ''நல்லாருக்கு'' என்றார். நாலாவது வாக்கியம் கிடைத்ததே லாபம் என்று வரவில் வைத்துக்கொண்டேன்.

கம்பியைப் பார்த்ததும் மனுஷர் நின்றுவிட்டார். நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

''தொய்வு கரெக்டா விட்டிருக்கான்டா. விறைப்பா இழுத்துக் கட்டினா ஆள் வெயிட்டுக்குத் தாங்காது. மோட்டார் கிடையாது பாரு, சரிவுதான் மோட்டார். குண்டு ஆசாமி வேகமாப் போவான். ஒல்லியா இருந்தா காத்து தடுக்கும்.''

கடைசி இரண்டு வாக்கியங்களை என் தொந்தியைப் பார்த்தபடி சொன்னார். பிறகு, ''நான் போறேன்'' என்றார்.

''அப்பா, 63 வயசுல...''

''34 வருஷம் கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டுத்தானே கம்பியைத் தொட்டேன்? இதுல கரண்டே இல்லியே!'' கொஞ்சம் நிறுத்தினார். ''மழை நாள்ல நான் வீடு திரும்பற வரைக்கும் உங்கம்மா வாசப்படியிலேயே உக்காந்திருப்பா. அவளுக்காகவே எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்.''

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

'எது நடந்தாலும் என் பொறுப்பு' என்கிற ரீதியில் ஒரு பாரம் நீட்டினார்கள். பி.காமில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்தவன் நான்; வரி வரியாகப் படித்தேன். அதற்குள் அப்பா கையெழுத்துப் போட்டு, பெல்ட்டை மாட்டி, அதன் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு ''குட்'' என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்.

கதவு திறந்தது. சர்ர்ர்!

மரங்களுக்கு மேலே அவருடைய வெள்ளை வேட்டி இல்லாத குறை ஒன்றுதான். பேரன் கொடுத்த டிராக் பேன்ட்டில் சின்னதாகிக்கொண்டே போனார். அடுத்த ஆளாக நான். கண்ணைத் திறந்தேனா என்று கேட்காதீர்கள்.

கீழே இறங்கியதும் அப்பா என்னைக் கவனிக்கவே இல்லை. பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று அந்த ஊர்ப் பையனிடம் சைகையில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி என் போனைப் பிடுங்கி, ஊரிலிருக்கும் பழைய லைன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

''ஏம்ப்பா, 450 மீட்டர்! நடுவுல ஒரு போஸ்ட் கிடையாதுய்யா!''

நாற்பது நிமிஷம். ரோமிங்கில். பில்லைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை, தர்மபத்தினியும் திறக்கவில்லை.