அரசரைத் தேய்த்த கைகள்

1797ஆம் ஆண்டின் ஆங்கிலப் பென்னியை உள்ளங்கையில் வாங்கினால் முதலில் உறைப்பது அதன் கனம். ஒரு அவுன்ஸ் செம்பு, நம் கணக்கில் 28 கிராம் சொச்சம். 36 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிப்பு. விளிம்பு பட்டையாக உயர்ந்திருப்பதால் ‘வண்டிச்சக்கரம்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பர்மிங்காமை அடுத்த சோஹோவில் மேத்யூ போல்ட்டன் நீராவி எந்திரத்தைக் கொண்டு அடித்த காசு. ஒருபுறம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், மறுபுறம் கடலோரம் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா. தேயாத காசை உருப்பெருக்கியில் பார்த்தால், மன்னரின் தோள்துணி மடிப்பில் அச்சு வெட்டிய குக்லர் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பது தெரியும். பாறைமேல் ‘சோஹோ’ என்று பட்டறையின் பெயரும் உண்டு.

பர்மிங்காமின் ஜுவல்லரி குவார்ட்டரில், ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள செதுக்குப் பட்டறையில் இந்தக் காசு என் கைக்கு வந்தது. அறுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவரின் பட்டறை அது. பதினாறு வயதில் தொழில் கற்க வந்தவர். மேசையின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. ஆள் அதற்குள் புகுந்து உட்கார வேண்டும். வெட்டின் அடியில் தோல் ஒன்று தொங்குகிறது. உதிரும் வெள்ளிச் சீவலும் பொன் சீவலும் அதில் விழும். நம்மூர்ப் பத்தர்கள் அரப்பொடியைக் கூட்டி எடுத்துவைக்கும் அதே அக்கறையை அந்தத் தோலில் கண்டேன்.

பழைய காசில் பெயர் வெட்டித் தருவது அவருடைய வேலைகளில் ஒன்று. தேய்ந்துபோய் முகம் மழுங்கிய காசை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். “நல்ல காசைத் தொட மாட்டேன். உலகம் ஏற்கெனவே பாதி அழித்துவிட்ட காசில்தான் மீதி வேலையை நான் செய்கிறேன்” என்றார். சரியான நெறி என்றே எனக்குப் பட்டது.

அரத்தால் ஒரு பக்கத்தைச் சமப்படுத்துவதில் வேலை தொடங்குகிறது. பிறகு உப்புத்தாள், சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை ஒவ்வொன்றாக. பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மென்கல். மன்னரின் மூக்கு கடைசியாகப் போனது. கண்ணாடிபோல் ஆன செம்பில் வெள்ளைப் பூச்சைத் தடவி, ஊசிமுனையால் எழுத்துகளைக் கீறிக்கொண்டார். காசை அரக்கில் பதித்து, எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய கனத்த இரும்புக் குண்டின்மேல் மாட்டினார்.

செதுக்குளி சிறியது. காளான் குடைபோன்ற மரப்பிடி உள்ளங்கைக் குழியில் அமர்கிறது. கட்டைவிரல் காசின்மேல் ஊன்றித் தடையாக நிற்கிறது. நேர்கோட்டுக்குக் கை முன்னால் போகும். வளைவு வந்தாலோ, கை இருந்த இடத்தில் இருக்க, இடக்கை காசைத் திருப்பிக்கொடுக்கிறது. சுருள் சுருளாகச் செம்பு கிளம்பி வருவதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. செம்பு மெத்தென்றுதான் இருக்கிறது, ஆனால் ஒட்டும் குணம் அதற்கு உண்டு. முனை கொஞ்சம் மழுங்கினாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் நாலைந்து எழுத்துக்கு ஒருமுறை உளியைக் கல்லில் தீட்டினார். இன்று காற்றழுத்தத்தில் ஓடும் உளிகள் வந்துவிட்டன; அவரிடமும் ஒன்று இருக்கிறது. எழுத்து வெட்ட மட்டும் அதை எடுப்பதில்லை.

இந்த வேலையின் பழைய மாதிரிகளில் பல சிறைக்கைதிகளுடையவை. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஏறத்தாழ 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. துணி திருடியவன், ஆடு திருடியவன், வீட்டு வேலைக்காரி என எல்லாரும் அதில் உண்டு. தண்டனை ஏழு வருடம், பதினான்கு வருடம் அல்லது ஆயுள். காலம் முடிந்தாலும் திரும்பி வரக் காசு கிடைப்பது அரிது. தீர்ப்புக்கும் கப்பலுக்கும் நடுவே நியூகேட் போன்ற சிறைகளிலும், ஆற்றோரம் கட்டிப்போட்ட பழைய போர்க்கப்பல்களிலும் காத்துக் கிடந்த நாட்களில் அவர்கள் இந்தக் காசுகளைச் செய்தார்கள், அல்லது செய்வித்தார்கள். மனைவிக்கும் தாய்க்கும் காதலிக்கும் விட்டுச்செல்ல அவர்களிடம் வேறு என்ன இருந்தது? கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் இப்படிப்பட்ட 300க்கும் மேற்பட்ட காசுகளை வைத்திருக்கிறது. 1820களையும் 1830களையும் சேர்ந்தவை அவற்றில் மிகுதி.

அம்மையார் தன் மேசையறையில் இருந்து அவற்றின் படங்களை எடுத்துப் பரப்பினார். அம்பு தைத்த இதயம், பாய்விரித்த கப்பல், காலில் சங்கிலி பூட்டிய ஆள், ஒரு பறவை. பெயர், வயது, எத்தனை வருடத் தண்டனை என்ற விவரம், என்னை மறந்துவிடாதே என்ற வேண்டுதல். சிலவற்றில் வரிகள் ஊசிப்புள்ளிகளாலேயே ஆனவை. ஆணியோ ஏதோ ஒரு முனையோ வைத்துத் தட்டித் தட்டி எழுதியவை. ஒன்றில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் போதாமல் விளிம்பருகே நெருக்கியடித்து நிற்கிறது. “இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் அளந்துகொள்ள வேண்டும் என்பது தெரியவில்லை” என்று சொன்னவர், சட்டென்று அடுத்த படத்துக்குப் போனார். “இதைப் பாருங்கள். இது தொழில்காரர் கை.”

மெய்தான். சாய்வெழுத்தில் தடித்த கோடும் மெலிந்த கோடும் மூச்சுப்போல மாறி மாறி வருகின்றன. ஓரத்தில், உளியை இடவலமாக அசைத்து வெட்டும் நெளிகோடு பின்னல்போல ஓடுகிறது. சிறையில் இப்படிப்பட்ட கைகள் இருந்ததற்குக் காரணமும் அந்த 1797தான். அந்த ஆண்டுதான் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தி, ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு காகித நோட்டுகளை இறக்கியது. செம்புத்தகட்டில் செதுக்கத் தெரிந்தவன் எவனும் அவற்றைப் போலியாக அடிக்கலாம். அடித்தார்கள்; தூக்குக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளானார்கள். ஜோசப் லைசெட் என்ற ஓவியர் கள்ளநோட்டுக் குற்றத்தில் பதினான்கு வருடத் தண்டனை பெற்று 1814இல் சிட்னி போய்ச் சேர்ந்தார். அங்கும் கள்ளநோட்டு அடித்துப் பிடிபட்டார். அவர் தீட்டிய நியூ சவுத் வேல்ஸ் நிலக்காட்சிகளைத்தான் இன்று உலகம் போற்றுகிறது.

என் மனம் இந்தத் தொழில்காரக் கைதிகளையே சுற்றுகிறது. கூலிக்கோ, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ, நட்புக்கோ பக்கத்தில் கிடந்தவனின் பிரிவை அழகாக வெட்டிக்கொடுத்தார்கள். குக்லரின் முதலெழுத்தை மன்னரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவர் பெயரை எழுதினார்கள். தங்கள் பெயரை எழுதவில்லை.

“எங்கள் தொழிலே அப்படித்தான்” என்றார் அம்மையார். நகைக்கடைகள் வேலையை அனுப்பும், இவர் வெட்டித் திருப்பியனுப்புவார், பொருளில் கடையின் முத்திரை இருக்கும். நாற்பது வருடத்துக்கு மேலான வேலை ஊரெங்கும் மோதிரங்களிலும் கோப்பைகளிலும் கிடக்கிறது. யார் வெட்டியது என்று ஒன்றிலும் இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இல்லை என்றார். எனக்கு இருக்கிறது, அதைச் சொன்னேன்.

எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் எழுந்துபோய்த் தகரப் பெட்டி ஒன்றில் துழாவி, கறுத்த சிறு காசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 1808, சிங்கம் பொறித்தது. சென்னை ராஜதானிக்காக இதே சோஹோவில் அடித்து, பீப்பாய் பீப்பாயாக ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலில் ஏற்றி அனுப்பியவை. 1809 ஜனவரியில் கப்பல் கென்ட் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1985இல்தான் காசுகள் மேலே வந்தன. நம் கடைத்தெருக்களில் புழங்கி, நம் ஆட்களின் மடியில் ஏறி இறங்கித் தேய்ந்திருக்க வேண்டிய காசு. அதை விரலிடையில் வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தேன். இதில் செதுக்குவீர்களா என்று கேட்டதற்கு, “மாட்டேன். இது யார் கைக்கும் போய்ச் சேரவே இல்லையே” என்றார்.

வண்டிச்சக்கரம் ஒன்றில் என் அம்மாவின் பெயரை வெட்டித்தரக் கேட்டேன். தமிழ் எழுத்தை அவர் வெட்டியதில்லை. தாளில் பெரிதாக எழுதச் சொல்லி, பேனா எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் கேட்டு அம்புக்குறி போட்டுக்கொண்டார். நடுவில் வரும் ழகரத்தில் நின்றுவிட்டார். அதன் கீழ்வளைவில் உளியை எங்கே எடுப்பது, எங்கே மறுபடி இறக்குவது என்று செம்புத்தகட்டில் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தார். மூன்று துண்டாக வெட்டி, இணைப்பு தெரியாமல் சேர்ப்பது என்று முடிவானது.

உங்கள் முதலெழுத்தும் அதில் வேண்டும் என்றேன். முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு காசைத் திருப்பி, இன்னும் தேய்க்காத பக்கத்தைக் காட்டினார். “போட்டால் இங்கே, பிரிட்டானியாவின் காலடியில். முன்பக்கம் முழுக்க உங்கள் அம்மாவுக்கு.” சம்மதித்து முன்பணம் கொடுத்தேன்.